சாமி சமாச்சாரமும் அணு உலை எவர்சில்வரும்

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து ஓர் இளம் விஞ்ஞானி போன் செய்தார். அவர்கள் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். இரும்பு, குரோமியம், நிக்கல் ஆகியவற்றோடு சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கும் மற்ற சரக்குகளின் அளவையும் கொடுத்துவிட்டால், அந்த எஃகு அணு உலைக்குள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுமாம்.

"நீங்கல்லாம் ஒரு கம்பியை வருஷக்கணக்கா தொங்கவிட்டுப் பார்த்துட்டு இருந்தீங்களாமே மேடம்?" என்று கேட்டார். குரலில் இரக்கம் தெரிந்தது.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு நடக்கிறது, அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள், அதில் என் அனுபவக் கட்டுரை வேண்டும் என்பது அவர் விஷயம். "சுவாரசியமா இருந்தா போதும் மேடம். டெக்னிக்கலா வேணாம்."

"உங்க மென்பொருளுக்குக் கல்லுப்பு தெரியுமா?" என்றேன்.

"சோடியம் குளோரைடுதானே மேடம்? டேட்டாபேஸ்ல இருக்கு."

"காய்ந்த மிளகாய்?"

"ஹலோ? ஹலோ?" என்றார். லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்திருக்கலாம். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் கட்டுரையாக எழுதியிருக்கிறேன்.

நான் அரியலூர்க்காரி. அப்பா ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். சுண்ணாம்புக்கல் லாரி கவிழ்ந்தாலும் அமைச்சர் வந்து போனாலும் அவருக்குக் கிடைப்பது ஒரே அளவு இடம்தான். அதற்குள் யார், எங்கே, எப்போது, எப்படி என்பதை அடைத்துவிட்டு, 'ஏன்' என்பதைப் போலீசாருக்கு விட்டுவிடுவார். நான் உலோகவியல் படித்தேன். அணு உலைக்கான எஃகுகளைச் சோதிக்கும் ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே 'ஏன்' என்பதையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம் என்றார்கள். ஓராண்டுப் பயிற்சியில் அவர்கள் கற்றுக்கொடுத்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: பளபளப்பதை நம்பாதே.

நாங்கள் எஃகு தேடியது புதுவகை உலைக்கு. அதில் வெப்பத்தைச் சுமந்து செல்வது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். மற்றபடி நல்ல குணமுள்ள உலோகம். அதை வைத்திருக்கும் பாத்திரத்தை ஒருமுறை உள்ளே இறக்கிவிட்டால் உலையின் ஆயுள் முடியும்வரை வெளியே எடுக்க முடியாது. வீட்டுக் குக்கரில் வாஷர் மாற்றுவதுபோல் எதையும் மாற்றுவதற்கில்லை. ஆகவே அதில் மயிரிழை விரிசல்கூட வரக் கூடாது. பாதுகாப்பான உலை என்ற பெரிய சொல்லுக்குப் பட்டறையில் அவ்வளவுதான் அர்த்தம்.

கம்பி தொங்கவிட்டதும் உண்மைதான். சூளைக்குள் ஓர் எஃகுக் கம்பி, அதன் அடியில் எடை. வெப்பத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுகொண்டே போகும், ஒருநாள் அறும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தொங்கிக்கொண்டிருந்த ஒரு கம்பி எனக்குக் கல்யாணம் ஆனபோதும் தொங்கியது, என் மகள் பள்ளிக்கூடம் போனபோதும் தொங்கியது. அது அறுந்த அன்று ஆபீசில் லட்டு கொடுத்தோம். வேலைக்குப் புதிதாக வந்த கணக்குப் பிரிவு அதிகாரி ஒருவர், "அறுந்துபோனதுக்கா ஸ்வீட்?" என்று கேட்டார். எப்போது அறும் என்று தெரிந்துகொண்டதற்கு என்றோம். அவர் லட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

என் மேலதிகாரி ரங்கமணி சார். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த மாதிரித் துண்டைத் தொடுவதற்கு முன்பும் கை கழுவுவார், தொட்ட பிறகும் கழுவுவார். பட்டறைகளுக்குப் போனால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் நடப்பதுபோல் எதிலும் படாமல் நடப்பார். எந்த அறிக்கையை நீட்டினாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

'நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒருமுறை எழுதிக் கொடுத்தேன்.

"யார் செய்தாங்க?"

"பட்டறை ஆட்கள் சார்."

"பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"அப்ப 'சுத்தம் செய்ததாகச் சொன்னார்கள்'னு எழுதுங்க." அப்பாவின் பத்திரிகை ஆசிரியர் அப்பாவிடம் கேட்டதும் இதைத்தான். ரங்கமணி சார் தவறிப்போய் விஞ்ஞானத்துக்கு வந்துவிட்டார், அதனால் ஒரு பத்திரிகை பிழைத்தது என்று அப்பா சொல்வார்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஒரு பட்டறைக்கு எங்கள் நிலையம் ஒரு வேலை கொடுத்தது. உலைப் பாத்திரத்தின் ஒரு பகுதியை முழு அளவில் மாதிரியாகச் செய்து தர வேண்டும். அதில் வெற்றி கண்டால்தான் உண்மையான பாத்திரத்தைச் செய்யத் தொடங்குவார்கள். இரண்டு பெரிய கிணற்று உறைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, நடுவில் சுற்றிலும் வெல்டிங் வைத்து ஒன்றாக்கினால் எப்படி இருக்குமோ, அதுதான் உருவம். வளையம் என்றே சொல்வோம். சிமெண்டுக்குப் பதில் உயர்ரகத் துருப்பிடிக்காத எஃகு. பட்டறையில் அதை எவர்சில்வர் என்றே சொன்னார்கள். எங்கள் தலைமையகத்துக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, எஃகு ஆட்சேபிக்கவில்லை.

பரிசோதகராக என்னை அனுப்பினார்கள். காரணம் என் திறமை அல்ல. அரியலூரில் எனக்குச் சொந்த வீடு இருந்ததால் தங்கும் செலவு மிச்சம்.

வெல்டிங் செய்தவர் பாஸ்கர். வேப்பந்தட்டையிலிருந்து டூவீலரில் வருவார். வெல்டிங் தகுதித் தேர்வில் தேறி அதற்கான அட்டை வாங்கியவர். இந்த வளையம் தேறினால் உலை கட்டும் இடத்தில் உண்மையான பாத்திரத்தில் வெல்டிங் செய்யப் போகும் குழுவில் அவருக்கும் இடம் என்று முடிவாகியிருந்தது. ஃபோர்மேன் செல்லமுத்து. ஐம்பது தாண்டியவர், நெற்றி நிறைய விபூதி. பாஸ்கரைச் சின்ன வயதில் வெல்டிங்கில் சேர்த்துவிட்டவர் அவர்தான். தம்பி என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும் தம்பிதான்.

முதல் நாள் விதிகளைச் சொன்னேன். இந்த எஃகுக்கு ஒரே ஒரு எதிரி குளோரைடு, அதாவது உப்பின் வகையறா. வெல்டிங் வைத்த இடத்தில் எஃகு உள்ளுக்குள் விறைத்துக்கொண்டு நிற்கும். அங்கே உப்பும் ஈரமும் சூடும் சேர்ந்தால் வெளியே துருகூடக் காட்டாமல் உள்ளே வேர்விட்ட மாதிரி விரிசல் ஓடும். அதனால் இன்ன துணி, இன்ன பேனா, இன்ன டேப் தவிர வேறெதுவும் அதன்மேல் படக் கூடாது.

செல்லமுத்து கேட்டார்: "சாக்பீஸ்ல கோடு போடலாமுங்களா?"

"கூடாது."

"போர்த் தண்ணியில கழுவலாமுங்களா?"

"நாங்க அனுப்புற தண்ணியில மட்டும்."

"வெறுங்கையால தொடலாமுங்களா?"

"கையுறை போட்டு."

"மூச்சு வுடலாமுங்களா மேடம்?"

பட்டறையே சிரித்தது. "தள்ளி நின்னு விடுங்க" என்றேன். அன்றிலிருந்து யாராவது வளையத்தின் அருகே போனால், "தள்ளி நின்னு மூச்சு வுடு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

கிண்டல் செய்தாலும் சொன்னதைச் செய்தார்கள். பாஸ்கர் வெல்டிங் வைத்து நான் பார்த்திருக்கிறேன். தலையில் துண்டு, அதன்மேல் முகமூடி, கையில் வெள்ளைத் தோல் உறை. ஒரு துளி வியர்வை கீழே விழவில்லை. இது நான் பார்த்தது, கேட்டது அல்ல. வேலை முடிந்ததும் சிவப்புச் சாயச் சோதனை வைத்தோம். பரப்பைத் துடைத்து, சாயத்தைத் தடவி, அது இடுக்கு இருந்தால் உள்ளே இறங்கட்டும் என்று காத்திருந்து, மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்பு கசியும். எதுவும் கசியவில்லை. எக்ஸ்ரேயிலும் குற்றம் இல்லை. வளையம் தேறியது.

தேறியதும் அது ஊருக்குக் காட்சிப்பொருள் ஆகிவிட்டது. சிமெண்டு ஆலை இன்ஜினியர்கள் வந்தார்கள். வங்கி மேலாளர் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டார். செல்லமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை.

"இத்தனை பேரு வந்து வாயப் பொளந்து பாக்குறாங்களே மேடம்."

"பார்த்தா எஃகுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன். விஞ்ஞான ரீதியில் சரியான பதில். அவர் கேட்டது அதுவல்ல.

வளையத்தை ஏற்றிப்போக டிரெய்லர் வர வேண்டும். அதற்கு ஓர் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு வேறோர் அனுமதி வேண்டும். கோப்பு ஒவ்வொரு மேசையிலும் இளைப்பாறிக்கொண்டு போனது. அந்தக் கோடை முழுவதும் வளையம் பட்டறை முற்றத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது. பெரம்பலூர்க் கோடையில் தார்ப்பாய்க்குள் என்ன சூடு இருக்கும் என்பதைக் கணக்கிட மென்பொருள் தேவையில்லை, கையை உள்ளே விட்டால் போதும்.

இடையிடையே நான் போய்ப் பார்த்தேன். நான் வருவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே பட்டறைக்குக் கடிதம் போகும். அதுதான் விதி. திடீர்ச் சோதனைக்கும் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும் என்று எங்கள் விதிப்புத்தகத்தில் எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வளையம் துடைத்துவைத்த குத்துவிளக்குபோல் இருந்தது.

டிரெய்லர் வந்தது. ஏற்றுவதற்கு முன் சம்பிரதாயத்துக்கு மறுபடியும் சிவப்புச் சாயச் சோதனை. வெள்ளைப் பொடி காய்ந்துகொண்டிருக்கும்போது, நடு வெல்டிங்கை ஒட்டி ஓரிடத்தில் சிவப்பு கசிந்தது. முதலில் ஒரு கோடு. பிறகு அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன இலையுதிர்ந்த மரம். சுற்றிலும் வேறெங்கும் ஒரு புள்ளி இல்லை.

பாஸ்கர் அதன் அருகே போய்க் குனிந்து பார்த்தார். அப்போதும் தள்ளி நின்றுதான் மூச்சு விட்டார்.

விரிசல் விழுந்த பகுதியை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். விரிசலுக்குள் சோடியமும் குளோரினும் இருந்தன. உப்பு. உடனே ஒரு விசாரணைக் குழு அமைந்தது. குழுத் தலைவர் பெரிய படிப்பாளி. பட்டறைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை என்பதால் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"வெல்டிங் வைச்ச இடத்துல உப்பு. அங்க வேலை செய்தது ஒரு வெல்டர். வியர்வையில உப்பு இருக்கு. இதுக்குமேல என்ன வேணும்?" என்றார்.

பாஸ்கரின் தகுதி அட்டையை நிறுத்திவைத்தார்கள். உலைக் குழுவுக்கான பெயர்களை முடிவு செய்யும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அட்டை இல்லாதவர் பெயர் போகாது. இந்த வேலையில் ஒருமுறை பெயர் கெட்டால் பிறகு எந்த நல்ல பட்டறையும் கூப்பிடாது.

பாஸ்கர் அரியலூர் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நான் கிளவுசக் களட்டவே இல்லீங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் எப்புடி மேடம் என் வேர்வைங்குறாங்க? வூட்டுல எங்கப்பா கேக்குறாரு, அணு உலைக்குப் போறேன்னு சொன்னியே, எப்பத்தான்டா போறேன்னு. இனிமே வூட்டுக் கேட்டும் கிரில்லும் அடிக்கத்தான் போவணும்."

"அதுவும் வேலைதான்" என்று என் கணவர் ஆறுதலாகச் சொன்னார்.

"வேலைதாங்க சார். ஆனா கெட்ட பேரோட செய்யுற வேலையில்லீங்களே அது."

ரங்கமணி சார் குழுவில் ஓர் உறுப்பினர். அவர் விரிசலைப் பார்க்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த வளையத்தைச் சுற்றி வந்தார்.

"வெல்டிங் எதுவரைக்கும் இருக்கு?"

"சுற்றி முழுக்க சார்."

"எல்லாத்தையும் பாஸ்கர்தானே வெச்சார்?"

"ஆமா சார்."

"வேர்வைன்னா அது ஏன் ஒரே இடத்துல மட்டும் வேர்த்துச்சு?" இன்னொரு சுற்று வந்து, "நிற்கும்போது எது மேல் பக்கம்?" என்றார்.

காட்டினேன். விரிசல் இருந்த இடத்துக்கு நேர் மேலே, வளையத்தின் விளிம்பில், கிரேனில் மாட்டித் தூக்குவதற்கான காது ஒன்று இருந்தது. மூன்று காதுகளில் அது ஒன்று. சார் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அதன் துளையைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். துளையின் ஓரத்தில் சில நூல் இழைகள் ஒட்டியிருந்தன. கறுப்பு.

"தூக்குற பெல்ட் என்ன நிறம்?"

"மஞ்சள் சார். நைலான்."

"மஞ்சள் பெல்ட் கறுப்பு நூல் விடுமா?"

"விடாது சார்."

"அப்ப இங்க எதையோ கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. அதுலேருந்து எதுவோ சொட்டியிருக்கு. என்னன்னு எனக்குத் தெரியலை." பிறகு குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்.

முறைப்படி கடிதம் எழுதிவிட்டுப் போனால் மறுபடியும் குத்துவிளக்கைத்தான் பார்ப்பேன் என்பது அதற்குள் புரிந்திருந்தது. ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அரியலூரில் பஸ் ஏறி, பட்டறைக்கு எதிரில் இறங்கினேன். உள்ளே இரண்டாவது மாதிரி வளையம் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் காதில், கறுப்புக் கயிற்றில், சிவப்புத் துணி மூட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. ஈரம் வளையத்தின்மேல் ஒரு கோடாக இறங்கி, வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

என்னைக் கண்டதும் செல்லமுத்து ஓடி வந்தார். "மேடம், கடுதாசி ஒண்ணும் வரலீங்களே!"

"இது என்னங்க?"

"இதுங்களா? திருஷ்டி மூட்டைங்க."

"உள்ளே என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. கல்லுப்பு, வரமொளகா, எலுமிச்சம்பழம், ரெண்டு கரித்துண்டு. அமாவாசைக்கு அமாவாசை மாத்திருவோம்."

"எதுவும் படக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

அவர் உண்மையிலேயே குழம்பிப்போனார். "நீங்க மெட்டீரியலத்தானே மேடம் சொன்னீங்க? இது மெட்டீரியல் இல்லீங்க. சாமி சமாச்சாரம்."

"முதல் வளையத்திலும் இருந்ததா?"

"இல்லாமங்களா? ஊரே வந்து கண்ணு வச்சுச்சே. நீங்க வர்றப்ப மட்டும் அவுத்துருவோம். பெரிய ஆபீசரு வர்றாங்க, முன்னாடி இத மாட்டி வச்சிருந்தா மருவாதியா இருக்காதுல்ல? தொடச்சும் வுட்டுருவோம். நீங்க குடுத்த துணியில, நீங்க குடுத்த தண்ணியிலதாங்க தொடப்போம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. விதி ஒன்றுவிடாமல் பின்பற்றப்பட்டிருந்தது. உப்பு மட்டும் விதிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஈரக் காற்றில் நீர்கோத்து, சொட்டி, தார்ப்பாய்ச் சூட்டில் வெந்து, அடுத்த அமாவாசைக்குப் புதுப்பிக்கப்பட்டு, ஒரு கோடை முழுவதும் தன் வேலையைச் செய்திருந்தது. அத்தனை முறையான சோதனையை எங்கள் ஆய்வகத்தில்கூட யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

விரிசல் எதனால் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் மூட்டையையும் பார்த்தார், வளையத்தையும் பார்த்தார். "அப்ப தம்பி அட்டை போனது... இதாலயா?" என்றார். அவர் கேட்டது என்னை அல்ல.

குழுவில் சொன்னேன். தலைவர் என் லீவு விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க பணியில் இல்லை. லீவுல இருந்தவர் பார்த்ததைக் குழு எப்படி ஏற்க முடியும்?"

ரங்கமணி சார் கேட்டார்: "லீவு போட்டா கண்ணு தெரியாதா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு ரங்கமணி."

ஆகவே குழு முறைப்படி பட்டறைக்கு வந்து பார்ப்பது என்று முடிவானது. முறைப்படி ஒரு வாரம் முன்னதாகக் கடிதம் போனது. முறைப்படி எல்லாம் துடைத்துவைக்கப்பட்டது. இரண்டு காரில் வந்திறங்கிய குழுவைப் பட்டறை முதலாளி சந்தன மாலை போட்டு வரவேற்றார். இரண்டாவது வளையம் பளபளவென்று நின்றது. காதுகளில் ஒரு நூல்கூட இல்லை.

"ஒண்ணையும் காணோமே" என்றார் தலைவர் என்னைப் பார்த்து. மாலை அவர் கழுத்தில் மணந்துகொண்டிருந்தது.

"அதெல்லாம் இங்க பழக்கமே கிடையாதுங்க சார்" என்றார் முதலாளி. அவர் தலைக்கு மேலே, ஆபீஸ் அறை வாசலில், படிகாரமும் மிளகாயும் கோத்த கயிறு காற்றில் ஆடியது. அது வளையத்தின்மேல் இல்லாததால் குழுவின் பார்வை வரம்புக்குள் வரவில்லை.

பாஸ்கர் வாசலில் தூண் அருகே நின்றிருந்தார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை. அட்டை இல்லாதவர்.

தலைவர் செல்லமுத்துவைக் கேட்டார்: "நீங்கதானே ஃபோர்மேன்? ஏதாவது கட்டியிருந்தீங்களா?"

முதலாளி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். செல்லமுத்து கருவி அறைக்குள் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சிறிது நேரத்தில் ஒரு தாம்பாளத்தோடு திரும்பி வந்தார். சிவப்புத் துணி மூட்டை அதில் இருந்தது. மரியாதையாக, இரண்டு கையாலும் தலைவரிடம் நீட்டினார்.

"நாந்தாங்க சார் கட்டுனேன். மொத வளையத்துக்கும் நாந்தான், இதுக்கும் நாந்தான். மேடம் வந்து சொன்ன அன்னைக்கே அவுத்து எடுத்து வச்சேன். பையன் வெல்டிங்குல ஒரு கொறையும் கெடையாதுங்க. அவன் வேலைக்குக் கண்ணு பட்டுறக் கூடாதுன்னுதான் கட்டுனேன். வேலய வுட்டு எடுக்குறதுன்னா என்னய எடுங்க."

"செல்லமுத்து!" என்றார் முதலாளி.

"சும்மா இருங்கண்ணே. மூட்டைக்குத் துணி வாங்கக் காசு குடுத்ததே நீங்கதான்."

தலைவர் தாம்பாளத்தை வாங்கிக்கொள்ளவில்லை, வாங்காமலும் இருக்க முடியவில்லை. ரங்கமணி சார் முன்னால் வந்து, ஒரு பிளாஸ்டிக் உறையை விரித்து, மூட்டையை அதற்குள் போட்டுக்கொண்டார். "இப்ப எல்லாரும் பணியிலதான் இருக்கோம். பார்த்தோம்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

அதே எஃகில், அதே மாதிரி வெல்டிங் வைத்த சின்னத் துண்டுகளை எடுத்துக்கொண்டோம். மூட்டையிலிருந்து வடிந்த நீரைச் சிலவற்றில் சொட்டவிட்டு, வியர்வைக்குச் சமமான கரைசலைச் சிலவற்றில் தடவி, சிலவற்றை ஒன்றும் செய்யாமல், எல்லாவற்றையும் ஆய்வகத்தில் பெரம்பலூர் வெயிலுக்குச் சமமான சூட்டில் வைத்தோம். ஒருமுறை தடவித் துடைத்த வியர்வையில் ஒன்றும் ஆகவில்லை. மூட்டை நீர் சொட்டிய துண்டுகளில் சிவப்பு மரம் முளைத்தது. படத்தில் இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது பட்டறையில் முளைத்தது, எது ஆய்வகத்தில் முளைத்தது என்று சொல்ல முடியாது.

அதன் பிறகும் அறிக்கை எழுதுவதில் ஒரு சிக்கல். ஓர் அணு உலை ஆவணத்தில் 'திருஷ்டி மூட்டை' என்று எழுதினால் வெளிநாட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று தலைவர் கவலைப்பட்டார். 'உறுதிப்படுத்தப்படாத குளோரைடு மூலம்' என்று போட்டுவிடலாம் என்றார். அழகான சொற்றொடர். யாருக்கும் வலிக்காது, பாஸ்கரைத் தவிர. மூலம் உறுதியாகவில்லை என்றால் சந்தேகம் போகாது, சந்தேகம் போகாவிட்டால் அட்டை வராது.

ரங்கமணி சார் அன்று வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். "உறுதிப்படலைன்னு நீங்க எழுதினா, நான் பார்த்ததை நான் தனியா எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைப்பேன். உப்பு, மிளகாய், எலுமிச்சை, கரின்னு வரிசையா எழுதுவேன். வெளிநாட்டுக்காரங்க அதைத்தான் முதல்ல படிப்பாங்க."

அறிக்கை திருத்தப்பட்டது. 'வளையத்தின் தூக்கும் காதில் வழிபாட்டு நோக்கில் கட்டப்பட்ட உப்பு மூட்டை' என்று அச்சில் வந்தது. விதிப்புத்தகத்திலும் ஒரு வரி சேர்ந்தது: பூசைப் பொருட்கள் எதுவும் எஃகின்மேலோ அதற்கு நேர் மேலேயோ இருக்கக் கூடாது. திடீர்ச் சோதனைக்கு முன்தகவல் வேண்டும் என்ற விதியை எடுக்கலாமே என்று நான் எழுதிக் கேட்டேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நான் ஓய்வு பெற்ற அன்றும் அது பரிசீலனையில்தான் இருந்தது.

செல்லமுத்துவை வேலையைவிட்டு எடுக்கவில்லை. எடுத்தால் துணிக்குக் காசு கொடுத்தவர் பெயரும் சேர்ந்து வெளியே வரும் என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது வளையத்தை அவர்தான் முடித்தார். வெல்டிங் பாஸ்கர். மூட்டையைப் பட்டறைக் கதவுக்கு மாற்றியிருந்தார்கள். வெள்ளைப் பொடியில் ஒரு புள்ளி சிவப்புகூடக் கசியவில்லை.

பாஸ்கருக்கு அட்டை திரும்பி வந்தது, உலைக் குழுவில் பெயரும் வந்தது. அவர் புறப்படும் நாளில் நான் பட்டறையில் இருந்தேன், இந்தத் தடவை பணியில்தான். பெரம்பலூர் போகும் பஸ்ஸுக்கு அவர் பையோடு நின்றுகொண்டிருந்தார். செல்லமுத்து உள்ளேயிருந்து வந்தார். மூடிய கைக்குள் கல்லுப்பும் மிளகாயும்.

"மேடம், ஒரு சந்தேகம். எவர்சில்வருக்குத்தானே ஆவாதுன்னீங்க? ஆளுக்குச் சுத்தலாமுல்ல?"

பாஸ்கர் நெளிந்தார். "யோவ் அண்ணே, பஸ் வந்துரும்யா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்குறாங்கன்னுதான்டா தம்பி சுத்துறேன். திரும்பி நில்லு."

விதிப்புத்தகத்தை மனத்தில் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். மனிதர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"சுத்துங்க" என்றேன். "ஆனா சுத்தி முடிச்சதும் ரெண்டு பேரும் கை கழுவிடுங்க."